அந்த ஒரு வழக்குக்கு மட்டும் வந்தவர்

ஐயா,

துபாஷி ஐயாவின் கறுப்புக் கோட்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அக்குளுக்குக் கீழே உள்துணி கிழிந்துவிட்டதென்று போன வாரம் எங்கள் தையல் கடைக்குக் கொண்டுவந்தார். நான் அங்கே காஜா எடுக்கிறேன், கிழிசல் தைக்கிறேன். கோட்டை விரித்தபோது பாச்சை உருண்டை வாடையும் காய்ந்த வியர்வை வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. ஈப்போ கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்ற அன்று என்னைச் சுற்றி இருந்த வாடை அது. நான் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல என் பக்கத்தில் துபாஷி நின்றார். எதிரே நீங்கள் நின்றீர்கள். இருவர் மேலும் இதே போன்ற கோட்டு.

துபாஷி என்னை அடையாளம் கண்டுகொண்டார். குரலைத் தாழ்த்தி, "அஞ்சலைதானே? விஷயம் தெரியுமாம்மா? நம்ம வக்கீல் போயிட்டாரு. பத்துகாஜா ஆஸ்பத்திரியில. காய்ச்சல்னுதான் போய்ப் படுத்தாரு" என்றார்.

"எந்த வக்கீல்?" என்று கேட்டேன்.

எனக்குத் தெரிந்த வக்கீல் நீங்கள் ஒருவர்தான். ஆனால் பக்கத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருந்தார்கள். உங்களைத் தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். உங்கள் சாவுச் செய்தி காதில் விழுந்த நேரத்திலும் நான் முதலில் செய்தது அதுதான், உங்களைத் தெரியாதவள் போல நின்றது.

தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்த எழுத்தை ஈப்போவுக்கு வந்தபின் கடை முதலாளியின் மனைவியிடம் உட்கார்ந்து சீர் செய்துகொண்டேன். அந்த எழுத்தில் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை பேசாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று நீங்கள் நினைக்கமாட்டீர்கள். நீங்கள் அப்படி நினைக்கிற ஆள் இல்லை.

பீடோருக்கு உள்ளே இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டினோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மரம் வெட்டி எடுத்த பாலை வாளியில் ஸ்டோருக்குக் கொண்டுபோனால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான பெரிய கிராணி நிறுத்து எழுதுவார். அன்று எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நிறுத்துவிட்டு வாளி கழுவிக்கொண்டிருந்தார்கள். கிராணி என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். நான் குனிந்துகொண்டேன். எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே இருந்த அறைக்கு இழுத்தார். கதவைத் தாழ்ப்பாள் போட்டார். சேலையைப் பிடித்தபோது அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பிடி விட்டது. பின் ஜன்னல் வழியாகக் குதித்து, பாதிச் சேலை அங்கேயே கிடக்க, கூலிக்காரர் வீடுகளான லயத்து வரிசை முழுவதும் பார்க்க வீட்டுக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் வந்தார். போர்வையைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் யாரு பாத்தாங்க?"

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் ஓடும்போது அதைத்தான் நினைத்தேன். பிறகு அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு பீடோர் போலீசுக்கு நடந்தார். ஆனால் அந்தக் கேள்விதான் எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது. நெடுநாள் போகவும் இல்லை.

போலீஸ் வழக்குகளைக் கோர்ட்டில் நடத்துவது ஓர் இன்ஸ்பெக்டரின் வேலை. எங்கள் வழக்கும் அவரிடம் போயிற்று. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். களைத்தவர். "கிராணி மன்னிப்புக் கேட்டா விட்டுடலாமே, உனக்குத்தானே பேரு கெடும்?" என்று ஆள் வைத்துக் கேட்டார். இரண்டு தடவை பஸ் பிடித்து ஈப்போவுக்கு வந்தோம். இரண்டு தடவையும் வேறு நாளுக்குத் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் தடவை வந்தபோது இன்ஸ்பெக்டரே இல்லை. மலேரியாக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றார்கள். கோர்ட்டு வாசலில் கிராணி தன் ஆட்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வழக்கு நடத்த ஆளில்லை, இன்றோடு தள்ளுபடி என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஐயா, உண்மையைச் சொல்கிறேன். அது என் காதிலும் விழுந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் நீங்கள் படியேறி வந்தீர்கள். இனித் தள்ளிப்போட முடியாது என்று மாஜிஸ்ட்ரேட் துரை சொல்லிவிட்டதால், வெளி வக்கீல் ஒருவரை இந்த ஒரு வழக்குக்கு மட்டும் பிராசிகியூட்டராகப் போட்டிருக்கிறார்கள் என்று துபாஷி வந்து சொன்னார். முதலில் கேட்ட வக்கீல்கள் தோட்டக் கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்களாம், முடியாது என்று விட்டார்களாம். கிராணி உங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து முன்னால் வந்தார்.

"தம்பி, சுகமோ? அம்மாவிட்டை இருந்து கடிதம் வந்ததோ?"

நீங்கள் தலையை மட்டும் அசைத்து, "வழக்கு முடியட்டும் அண்ணை, பிறகு கதைப்பம்" என்றீர்கள்.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. இவரும் யாழ்ப்பாணத்து ஆளுதான். அவங்க ஊர்க்காரனுக்கு அவங்களே வக்கீலு. வா, போலாம்" என்றார்.

நாங்கள் கேட்டைத் தாண்டுமுன் நீங்கள் எங்களிடம் வந்துவிட்டீர்கள். மரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. "இருங்கோ" என்றீர்கள். நான் நின்றேன். "இருங்கோ அம்மா, நீங்கள் நிண்டால் நானும் நிக்க வேணும்" என்றீர்கள். தோட்டத்தில் யாரும் என்னை நீங்கள் என்று சொன்னதில்லை. அந்த மரியாதை எனக்குச் சுகமாக இல்லை. நடந்தது தெரிந்தால் இவர் இப்படிப் பேசுவாரா என்று கூசியது. உட்கார்ந்தேன். நீங்கள் நின்றபடியே பேசினீர்கள்.

"நேற்றுத்தான் எனக்கு இந்தத் தாள்கள் வந்தது. இந்த வேலை இண்டைக்கு மட்டும்தான். முடிஞ்சால் நான் வீட்டை போவன். ஆனபடியால் ஒருத்தருக்கும் நான் பயப்பிடத் தேவையில்லை. கிராணி உங்களிட்டை என்ன சொன்னவர்? அதைச் சொல்லுங்கோ."

"அசிங்கமா பேசினாரு."

"என்ன சொல்?"

நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் என் வீட்டுக்காரரைக் காப்பி வாங்கிவர அனுப்பினீர்கள். அவர் போனபிறகும் எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "இப்ப வேண்டாம். ஆனால் உள்ளை நான் கேப்பன். அப்ப நீங்கள் சொல்ல வேணும். எனக்கு வேற வழி தெரியேல்லை."

உள்ளே கிராணிக்கு ஒரு வெள்ளைக்கார வக்கீல் இருந்தார். அவர்கள் கதை எளிமையானது. நான் பாலில் தண்ணீர் கலந்தேனாம். கிராணி கண்டுபிடித்துத் திட்டினாராம். ஆத்திரத்தில் நான் அவரைக் கடித்துவிட்டு ஜன்னல் வழியாக ஓடினேனாம். சேலை ஆணியில் மாட்டிக் கிழிந்ததாம். கிராணி மணிக்கட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். வாளி கழுவிய இரண்டு பெண்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டு பேரும் ஒன்றும் காதில் விழவில்லை என்றார்கள். அவர்களுக்கும் அன்று மாலை அதே லயத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது.

பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நீங்கள் இங்கிலீஷில் கேட்டீர்கள், துபாஷி தமிழில் கேட்டார். நீங்கள் தமிழிலேயே கேட்டால் எனக்குப் புரியும், நான் சொல்கிற தமிழும் உங்களுக்குப் புரியும். ஆனாலும் கோர்ட்டு முறைப்படி நடுவில் ஒருவர் நின்றார். ஸ்டோர், வாளி, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் சொல்லிவிட்டேன். கையைப் பிடிக்குமுன் கிராணி என்ன சொன்னார் என்ற கேள்வி வந்தது.

"அசிங்கமா பேசினாரு."

கிராணியின் வக்கீல் எழுந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். வேலையில் திட்டுவது எல்லாத் தோட்டத்திலும் அசிங்கமாகத்தான் இருக்கும் என்று சொன்னாராம், துபாஷி பிறகு சொல்லித்தான் தெரியும். நீங்கள் மறுபடி கேட்டீர்கள். நான் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, துபாஷிக்கு மட்டும் கேட்கும்படி அந்தச் சொற்களைச் சொன்னேன். என் வீட்டுக்காரரிடமும் நான் சொல்லாத சொற்கள்.

துபாஷியின் கழுத்து நரம்பு அசைந்தது. அவர் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து இங்கிலீஷில் சின்னதாக ஒன்று சொன்னார்.

முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் அசையவில்லை. துபாஷியைப் பார்த்தீர்கள், பிறகு மாஜிஸ்ட்ரேட்டிடம் மெதுவாக ஏதோ சொன்னீர்கள். கிராணியின் வக்கீல் கத்தினார். மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். துபாஷி என்னிடம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, நீ சொன்னத அப்படியே மறுபடி சொல்லணுமாம். எல்லாருக்கும் கேக்கும்படியா."

நான் உங்களைப் பார்த்தேன் ஐயா. அந்தப் பார்வை உங்களுக்கு நினைவிருந்திருக்கும். கிராணியைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. நீங்கள் முகத்தைத் திருப்பவில்லை. உங்கள் காது இரண்டும் சிவந்திருந்தன. கோர்ட்டு வழக்கத்தை விட்டு, எல்லோருக்கும் முன்னால், தமிழில், "சொல்லுங்கோ அம்மா" என்றீர்கள்.

சொன்னேன். கத்திச் சொன்னேன். பின்னால் இருந்த ஆட்களில் சிலர் சிரித்தார்கள். துபாஷிக்கு அதை இங்கிலீஷில் சொல்ல நாக்கு எழவில்லை. மாஜிஸ்ட்ரேட்டின் அனுமதியோடு நீங்களே சொல்சொல்லாக இங்கிலீஷில் சொன்னீர்கள். துபாஷி, சரிதான் என்று தலையாட்டினார். மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டார். பால் நிறுக்கும் கிராணி பாலில் தண்ணீர் கலந்தவளிடம் சொல்கிற சொல் அது இல்லை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கிராணி தலையைக் கவிழ்த்தார். கடைசி பெஞ்சில் என் வீட்டுக்காரர் இருந்தார். அவரும் அப்போதுதான் கேட்டார்.

கிராணிக்கு ஆறு மாதச் சிறை என்றார்கள்.

படியில் இறங்கும்போது நீங்கள் ஓரமாக நின்றிருந்தீர்கள். எனக்காகத்தான் நின்றீர்கள். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றீர்கள். வழக்கை ஜெயித்தவர் மன்னிப்புக் கேட்டீர்கள். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உங்களைக் கடந்து போனேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

தோட்டத்தில் எங்களுக்கு வேலை இல்லை என்று விட்டார்கள். ஈப்போவுக்கு வந்தோம். அவர் மரக்கிடங்கில் சேர்ந்தார், நான் தையல் கடையில் சேர்ந்தேன். அந்தச் சொற்களைப் பற்றி அவர் இதுவரை என்னிடம் பேசியதில்லை. என்னை விட்டுப் போகவும் இல்லை. அந்த மட்டில் நல்ல மனுஷன்.

ஈப்போ பெரிய ஊர் என்றுதான் வந்தேன். ஆனால் நீங்கள் நடக்கிற தெருவும் நான் நடக்கிற தெருவும் ஒன்றாக இருந்தன. முதல் தடவை பாசாரில் மீன் வாங்கும்போது கண்டேன். கூடையைப் போட்டுவிட்டு மறுபக்கம் போய்விட்டேன். அடுத்த தடவை கோயில் வாசலில் கண்டு தேருக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீங்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் உங்கள் முகத்தைக் கண்டாலே, இவர் அதைக் கேட்டவர், இவர் அதைச் சொன்னவர் என்றுதான் வந்தது. அந்த அறையில் சிரித்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் எதிரில் வந்தால் நான் சாதாரணமாக நடந்து போவேன். எனக்காக நின்ற உங்கள் முகம்தான் எனக்கு ஆகவில்லை.

பிறகு ஒருநாள் ரயிலடிப் பக்கம் குறுகலான சந்தில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். ஒதுங்க இடமில்லை. நான் முந்தானையைத் தேடுமுன் நீங்கள் சட்டென்று திரும்பி, ஒரு சீனன் கடைக்குள் போய்ப் பானைகளைப் பார்க்கிறவர் போல முதுகைக் காட்டி நின்றீர்கள். நான் கடந்து போகிறவரை நின்றீர்கள். அதன்பிறகு எங்கே கண்டாலும் நீங்களே முதலில் திரும்பிக்கொண்டீர்கள். படித்த மனிதர், தெருவில் திருடனைப் போல ஒதுங்கினீர்கள், நான் வெட்கப்படாமல் நடக்க வேண்டும் என்று. நானும் உங்களை ஒதுங்க விட்டேன்.

கோட்டைக் கொண்டுவந்த அன்று, பக்கத்துப் பெண்கள் சாப்பிடப் போனபின் துபாஷி இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? தகாத வார்த்த பேசினாருன்னு மட்டும் சொன்னேன். உன் மானத்தக் காப்பாத்துறதா நெனச்சேன்மா. அவரு விட்டிருந்தா கிராணி வெளிய வந்திருப்பான்." பிறகு, "ஒரு நாள் உன்னப் பத்திக் கேட்டேன். 'அந்தப் பிள்ளை என்னைக் கண்டு ஒளிக்கிறா, ஒளிக்கட்டும். அவவின்ர வாயாலை அதை ரெண்டு தரம் சொல்ல வைச்சவன் நான்'னாரு. அதுக்கப்புறம் அரசாங்க வழக்குன்னு ஒண்ணுகூட அவருக்குக் குடுக்கல. அவங்க ஆளுங்களும் வழக்குக் கொண்டு வரல" என்றார்.

உங்களுக்கும் அந்த வெட்கம் இருந்தது என்று எனக்குத் தெரியாது ஐயா. என்னுடையது மட்டும் என்று நினைத்து இத்தனை காலம் பொத்தி வைத்திருந்தேன்.

நேற்று உங்களுக்கு முப்பத்தோராம் நாள் காரியம் என்று துபாஷிதான் சொன்னார். போகலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். யாரென்று நான் பெயர் சொல்லவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா. நான் கேட்டு வாசல்ல நிக்கிறேன். நீ போயிட்டு வா" என்றார்.

உங்கள் மனைவி வாசலுக்கு வந்தார். "நீங்கள் ஆர்?"

அதற்குத்தான் பயந்தேன். நான் யார் என்று சொல்ல எனக்கு வேறு வழி இல்லை. வழக்கைச் சொல்லாமல் என்னைச் சொல்ல முடியாது.

"ஐயா எனக்காகக் கோர்ட்டுல நின்னாரும்மா. பீடோர்ப் பக்கம்... தோட்டத்துக் கிராணி வழக்கு."

அவர் முகம் இறுகியது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது நீங்களோ" என்றார். "அந்த வழக்குக்குப் பிறகு எங்கட ஆக்கள் கனபேர் இந்தப் படி ஏறேல்லை, தெரியுமோ? இவரின்ர தங்கச்சிக்குப் பேசின கலியாணம் நிண்டு போச்சு. நான் எவ்வளவு சண்டை பிடிச்சனான். ஏன் நீங்கள் போனனீங்கள், வேற ஆள் இல்லையோ எண்டு."

நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன். "ஐயா என்ன சொன்னாரு?"

"வேற ஆள் இல்லை எண்டுதான் சொன்னார்."

அவர் அழவில்லை. கதவை விட்டு விலகி, "உள்ளை வாங்கோ" என்றார்.

கூடத்தில் உங்கள் உறவுப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். செத்தபின் எல்லோரும் வந்திருந்தார்கள். கிராணியின் ஆட்களும் இருந்தார்கள், ஒருத்தியைக் கோர்ட்டு வாசலில் பார்த்த நினைவு எனக்கு. வயதான ஒருவர், "ஆர் பிள்ளை இது?" என்று கேட்டார். உங்கள் மனைவி ஏதாவது சொல்லி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

"கிராணியின்ர வழக்கிலை சாட்சி சொன்ன பொம்பிளை. இவரிட்டை வந்திருக்கிறா."

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. ஒருத்தி எழுந்து போனாள். என் கை தானாக முந்தானைக்குப் போயிற்று. உடம்பு முழுக்கக் கூண்டில் எரிந்தது போலவே எரிந்தது. ஆனால் நீங்கள் இப்போது எந்தக் கடைக்குள்ளும் போய் எனக்கு வழிவிட முடியாது என்று நினைத்தேன். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். உங்கள் மனைவி என் முன்னால் ஓர் இலையைப் போட்டுத் தானே சோறு வைத்தார். "சாப்பிடுங்கோ" என்றார். அத்தனை பேர் பார்க்கச் சாப்பிட்டேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "என்ன சொன்னாங்க?" என்றார்.

"சாப்பிடச் சொன்னாங்க."

வழக்கமாக நான்கு அடி முன்னால் நடப்பவர், நேற்று என்னோடு சேர்ந்து நடந்தார்.

வெட்கம் தீர்ந்தது என்று எழுதினால் பொய்யாகும் ஐயா. தீரவில்லை. ஆனால் அதில் கிராணிக்குச் சேர வேண்டிய பங்கை நான் சுமந்துகொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அதை இறக்கப் பார்க்கிறேன். தெருத் தெருவாக உங்களை முதுகு காட்டி நிற்க வைத்தேனே, அது என்னுடையது. அதை வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அஞ்சலை